செய்தவர் கண்ணில் படாத பழுது

தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் செல்போன் எடுக்காமல் போவதற்கு டவர் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை. கோவை கணபதியில் சத்தி சாலையை விட்டு எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் லேத் பட்டறையோ பம்பு உதிரிபாகக் கூடமோ கண்ணில் படும். அண்ணாந்து பார்த்தால் ஏதாவதொரு மொட்டைமாடியில் டவரும் தெரியும். தெருவில் நான்கு கோடு காட்டிய போன் கூரைக்குக் கீழே போனதும் ஊமையாகிவிடுகிறது. உலோகத் தகடு ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட், வருகிற அலையில் பத்தில் ஒரு பங்கையோ நூறில் ஒரு பங்கையோதான் உள்ளே விடும். அதிர்வெண் ஏற ஏற இந்த இழப்பும் கூடுவதால், 900 மெகாஹெர்ட்ஸில் ஓரளவு நுழைகிற சிக்னல் 2300லும், 5ஜி ஓடும் 3300லும் வாசலோடு நின்றுகொள்கிறது. இப்படியொரு சிக்கல் வந்தால் "நாமளே செஞ்சுக்கலாமுங்க" என்று சொல்லும் ஊர் இது. அந்தச் சொல்லை வீண் பெருமை என்று தள்ளவும் முடியாது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் ஆலை நின்ற இடம் இதே கணபதிதான், பேருந்து நிறுத்தத்துக்கே அந்தப் பெயர். மோட்டாரையும் கிரைண்டரையும் பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்த கைகளுக்கு ஒரு சிக்னல் ரிப்பீட்டர் எம்மாத்திரம் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைக்காரர்கள் பூஸ்டர் என்று விற்கும் ரிப்பீட்டரில் மூன்று உறுப்புகள். கூரைமேல் டவரைப் பார்த்து ஓர் ஆன்டெனா, கட்டடத்துக்குள் போனைப் பார்த்து இன்னோர் ஆன்டெனா, நடுவில் இரு திசையிலும் சிக்னலைப் பெருக்கும் பெட்டி. போனுக்கு வந்து சேரும் சிக்னல் மிக நுண்ணியது. ஒரு வாட்டை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு கிடைத்தால், அது பேசத் தாராளமாகப் போதும். இத்தனை சிறியதைக் கட்டடத்துக்குள் பரப்ப வேண்டுமென்றால் பெருக்கமும் அதற்கேற்றபடி பெரிதாக இருக்க வேண்டும். சாதாரணமாகச் சொல்லப்படும் 70 டெசிபல் பெருக்கம் என்பது ஒரு கோடி மடங்கு. பெருக்கும் சில்லுகள் இன்று சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் சல்லிசாகக் கிடைக்கின்றன; சாலிடரிங் தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதில் பலகையில் பொருத்திவிடுவார். இதுவரைக்கும் வேலை சுலபம்தான். வீட்டில் செய்பவரை ஊக்குவிக்கும் செய்முறைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

முதல் முட்டுக்கட்டை, கோவில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே நீட்டினால் கிளம்பும் ஊளைக்கு ஒப்பானது. உள்ளே இருக்கும் ஆன்டெனா வெளியிடுவதைக் கூரை ஆன்டெனா திரும்பக் கேட்டுவிட்டால், பெட்டி தன் குரலையே பெருக்கிப் பெருக்கித் தானாக ஒலிபரப்பும் நிலையமாக மாறிவிடும். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே 70 டெசிபல் தடுப்பு இருக்கிறதென்றால் பெருக்கத்தை 55 அளவில் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு. அந்தத் தடுப்பை அளக்கும் கருவி பட்டறைகளில் கிடையாது. கதவைத் திறந்தாலும் அது மாறும், கூரைத் தகடு ஒன்று பெயர்ந்தாலும் மாறும். அடுத்தது வடிகட்டிச் சிக்கல். 900 அலைவரிசையில் போன் பேசுவது 915 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, டவர் பேசுவது 935இல் தொடங்குகிறது. இடைவெளி 20 மெகாஹெர்ட்ஸ்தான். இந்த இரண்டையும் ஒரே ஆன்டெனாவில் சேர்த்து, ஒன்று மற்றதன் பெருக்கிக்குள் கசியாமல் பிரிப்பது துல்லியமான ஃபில்டர்களின் வேலை. அது சரியாக அமையாவிட்டால் ஆன்டெனாவே இல்லாமல் பெட்டிக்குள்ளேயே ஊளை தொடங்கிவிடும். இன்னொன்று, பழைய 2ஜி காலத்துச் செய்முறைகளுக்குத் தெரியாதது. ஜியோவின் 4ஜி ஓடும் 2300 அலைவரிசையிலும், 5ஜிக்கான 3300 அலைவரிசையிலும் டவரும் போனும் ஒரே அதிர்வெண்ணில் முறைவைத்துப் பேசுகின்றன. நொடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் முறை மாறிவிடும். அந்தத் தாளத்தைப் பிடிக்காத பெருக்கிக்கு எது போவது, எது வருவது என்று தெரியாது. இன்றைய போன் நேரத்துக்கொரு அலைவரிசைக்குத் தாவுவதால், ஒன்றுக்காகச் செய்த பெட்டி இன்னொன்றுக்கு உதவுவதுமில்லை. ஆனாலும் இவையெல்லாம் தேர்ந்த கைகள் ஒருநாள் தாண்டிவிடக்கூடிய தடைகள். இவற்றை மட்டும் வைத்து வீட்டு ரிப்பீட்டர் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன்.

என் எதிர்ப்புக்கு ஆதாரம் டவரின் பக்கம் இருக்கிறது. எந்தப் பெருக்கியும் வந்த சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை. எல்லாப் பொருளிலும் வெப்பத்தால் இயல்பாக எழும் ரேடியோ இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டும். யாரும் பேசாத நள்ளிரவிலும் பெட்டி அந்த இரைச்சலைக் கூரை ஆன்டெனா வழியாக டவரை நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டவர் 300 மீட்டரில் தடையின்றித் தெரிகிறது, கூரையில் ஒரே திசையைப் பார்க்கும் சாதாரண யாகி ஆன்டெனா, 900 அலைவரிசை, 70 டெசிபல் பெருக்கம், பெருக்கியின் தரம் நடுத்தரம் என்று வைத்துக்கொள்வோம். டவரின் ரிசீவர் தன் இயல்பில் சுமக்கும் இரைச்சலைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமான இரைச்சல் இந்த ஒரு வீட்டிலிருந்து அதன் காதில் விழும். உடனே அந்த டவரின் கீழுள்ள போன்களெல்லாம் குரலை உயர்த்தியாக வேண்டும். பக்கத்தில் இருப்பவை சமாளித்துவிடும். எல்லையோரத்தில் ஏற்கனவே முழுச் சக்தியில், அதாவது 4ஜியில் வாட்டில் ஐந்தில் ஒரு பங்கில், கத்திக்கொண்டிருக்கும் போன்கள் துண்டிக்கப்படும். ஆத்திப்பாளையம் பிரிவில் பூஸ்டர் வைத்தவரால் சின்னவேடம்பட்டியில் ஒருவரின் அழைப்பு அறுபடலாம். இருவருக்கும் அது தெரியப்போவதில்லை. பெட்டி செய்தவருக்குத் தெரியாமல் போவதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. போனில் தெரியும் கோடுகள் டவரிலிருந்து வருவதை மட்டுமே அளப்பவை. டவருக்குப் போவது எப்படி இருக்கிறது என்று அவை காட்டுவதில்லை. பெருக்கத்தை ஏற்ற ஏற்றக் கோடுகள் நிறைகின்றன, செய்தவர் மகிழ்கிறார், கெடுதல் அதே அளவில் ஏறுகிறது. அவரிடம் இருக்கும் ஒரே அளவுகோல் தவறான திசையில் வழிகாட்டுகிறது.

கொங்குப் பட்டறையின் பலம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இது ஏன் பெரிய விஷயம் என்று விளங்கும். இங்கே பெரும்பாலோர் வரைபடத்திலிருந்து தொடங்கியவர்கள் அல்லர். செய்வார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், எங்கே சூடேறுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துத் திருத்துவார்கள். பம்பு தண்ணீர் இறைக்காவிட்டால் அன்றைக்கே தெரியும், வாங்கிய விவசாயி மறுநாள் வந்து நிற்பார். கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்காகச் சோதனைக்கூடமும் வைத்துக்கொண்டார்கள். பம்புகளைச் சோதிக்கும் சிட்டார்க் நிறுவனம் கோவையிலேயே இயங்குகிறது. இந்த முறை முழுவதும் பழுது செய்தவரிடமே திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941இல் ஜி.டி. நாயுடு சொன்னதற்கும் இன்று ஒருவர் ரிப்பீட்டர் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அந்த ரேடியோ சரியாகப் பாடாவிட்டால் பாதிப்பு கேட்பவருக்கு மட்டும். ரிப்பீட்டர் சரியில்லாவிட்டால் பாதிப்பு முன்பின் தெரியாதவருக்கு. ரேடியோ வரலாற்றிலும் இந்த எல்லைக்கோடு பழையதுதான். 1922இல் பிரிட்டனில் ஒலிபரப்பு தொடங்கியபோது வீட்டில் செய்த ரிசீவர்கள் பலவற்றில் சிக்னலைத் திரும்பச் செலுத்திப் பெருக்கும் சுற்று இருந்தது. கொஞ்சம் அதிகமாகத் திருகினால் ரிசீவரே ஒலிபரப்பத் தொடங்கி அக்கம்பக்கத்து வீடுகளின் ரேடியோவில் விசில் அடிக்கும். அங்கே அஞ்சல் துறை கடையில் விற்கும் பெட்டிகளுக்குச் சோதனை முத்திரை கேட்டது. சொந்தமாகச் செய்பவர்களை முழுதாக ஒதுக்கிவிடாமல் அவர்களுக்கென்று தனி உரிமமும் 1923இல் கொண்டுவந்தது. நூறு ஆண்டு கழித்து நம்முன் இருக்கும் கேள்விக்கு இதைவிட நெருங்கிய முன்மாதிரி இல்லை.

நம் நாட்டுச் சட்டம் தனி உரிமம் என்ற அந்த இரண்டாம் பாதியை எடுத்துக்கொள்ளவில்லை. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதே குற்றம் என்பது 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் நிலைப்பாடு. 2022இல் தொலைத்தொடர்புத் துறை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் ரிப்பீட்டரோ பூஸ்டரோ வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றித் தொலைத்தொடர்பு வலையமைப்பு நிறுவுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ரேடியோ பெட்டிக்கே அஞ்சலகத்தில் லைசென்ஸ் பணம் கட்டிய காலம் 1980களின் நடுவில்தான் முடிந்தது. அந்தக் காலத்து அரசின் மனப்பான்மை இதிலும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று படுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது மலைப்பக்கத்திலிருந்து வருவது. வால்பாறையிலோ ஆனைகட்டியிலோ கடம்பூர் மலையிலோ தாளவாடியிலோ டவர் வெகு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட ரிப்பீட்டர் வைத்தால் என்ன குற்றம்? இயற்பியல் அவர் பக்கம்தான் பேசுகிறது. மேலே சொன்ன அதே கணக்கில் டவரை ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால், பெட்டி அனுப்பும் இரைச்சல் டவரின் சொந்த இரைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக, உண்மையான தேவை உள்ள இடத்தில் ரிப்பீட்டரின் கெடுதல் குறைவு. டவர் தெருமுனையிலேயே நிற்கும் கணபதி போன்ற இடத்தில் கெடுதல் பலமடங்கு. பூஸ்டருக்கு விலை கொடுக்கும் கையோ நகரத்தில்தான் அதிகம். சட்டம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முரட்டுத்தனம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலைக்காரருக்கான முறையான பதில் டவர்தான். தொடர்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் தன் ஊர் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அங்கிருப்பவருக்கு உண்டு. காட்டில் ஒரு வீட்டுக்கு எடுத்துத் தரும் பெட்டியைவிட அந்தக் கேள்வி பயனுள்ளது.

மற்ற நாடுகளில் அனுமதிக்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அனுமதிக்கிறார்கள், ஆனால் எதை என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 2013இல் வகுத்த விதிப்படி, வீட்டுப் பூஸ்டர் டவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்து தானே பெருக்கத்தைக் குறைக்க வேண்டும், ஊளை எழுந்தால் தானே அடங்க வேண்டும், வாங்கியவர் தன் செல்போன் நிறுவனத்திடம் பதிவுசெய்ய வேண்டும். பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018 முதல், குறித்த தரத்தில் அமைந்த உள்ளரங்க ரிப்பீட்டர்களுக்கும் குறைந்த பெருக்கமுள்ள வாகன ரிப்பீட்டர்களுக்கும் உரிமம் தேவையில்லை என்றது. இரண்டு நாட்டிலும் திறந்துவிடப்பட்டது, டவர் படும் பாட்டைத் தானே ஊகித்து அடங்கிப்போகும் கருவி. செய்தவருக்குத் தெரியாத பழுதைக் கருவிக்குத் தெரியவைத்திருக்கிறார்கள். வீட்டு மேசையில் சேர்த்த பலகைக்கு அங்கேயும் இடமில்லை. ஆகவே இந்த மறுப்பு நம் தடையின் ஒரு பாதியை அசைக்கிறது, மறுபாதியை உறுதிப்படுத்துகிறது. சோதித்துச் சான்று தந்த வீட்டு ரிப்பீட்டர் என்ற ஒரு வகையை இந்தியாவும் திறந்துவிட வேண்டும் என்பது என் முடிவு. கட்டாயச் சோதனைக்கான ஏற்பாடு ஏற்கனவே தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்திடம் இருக்கிறது. வழியே இல்லாத தடை, பெயரில்லாத மலிவுப் பெட்டிகளுக்குத்தான் சந்தை அமைத்துக் கொடுத்திருக்கிறது. அப்படியொரு வகை வந்தால் அதைத் தயாரிக்கத் தகுதியான ஊர்களில் கோவையும் இருக்கும்.

நிறுவனங்கள் காசை வாங்கிக்கொண்டு சரியான சேவை தராமல் இருக்கும்போது மக்கள் மட்டும் ஏன் சட்டம் பார்க்க வேண்டும் என்ற கோபமும் உண்டு. கோபம் நியாயம், இலக்கு தவறு. பூஸ்டரின் இரைச்சல் நிறுவனத்தின் லாபத்தைத் தொடுவதில்லை, அதே டவரில் தொங்கும் பக்கத்து வீட்டுக்காரரின் அழைப்பைத்தான் தொடுகிறது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சுக்கு அஞ்சிக் குடியிருப்புப் பகுதியில் டவர் வரக்கூடாது என்று மனுக் கொடுப்பவர்களும், வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை என்று பூஸ்டர் தேடுபவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். இந்தியா 2012 செப்டம்பரில் டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. சிக்னல் மெலிந்த இடத்தில் காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் அதிகச் சக்தியில் அலையை அனுப்புகிறது.

அப்படியானால் பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? கணபதியின் சிக்கல், வெளியே பலமான சிக்னலும் உள்ளே வறட்சியும் என்ற வகையைச் சேர்ந்தது. அதற்குப் பெருக்கியே இல்லாமல் ஒரு வழி உண்டு. கூரையில் ஒரு யாகி, பத்து மீட்டர் கேபிள், மேசைக்கு மேலே இன்னோர் ஆன்டெனா, நடுவில் ஒன்றுமில்லை. கூரையில் தெருவைப் போலவே பலமாக எடுக்கும் இடமென்றால், 900 அலைவரிசையில் இந்த ஏற்பாடு மேசையைச் சுற்றி இரண்டு மீட்டருக்குப் பேசும் அளவு சிக்னலைக் கொண்டுவரும் என்று கணக்கு சொல்கிறது. வெளியிலேயே சிக்னல் மெலிவு என்றால் எதுவும் வராது, ஏமாற வேண்டாம். மின்சாரம் வாங்காத அமைப்பு இரைச்சலைக் கூட்ட வழியில்லை. யாகி ஆன்டெனாவைப் பட்டறையிலேயே அளவெடுத்து அறுத்துச் செய்யலாம்; மில்லிமீட்டர் பிசகாமல் வேலை செய்யும் ஊருக்கு இது பொருத்தமான பணி. கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 ஒயர் 75 ஓம் என்பதால் ஆகாது என்பார்கள்; பொருத்தமின்மையால் ஒவ்வொரு முனையிலும் வரும் இழப்பு ஒரு டெசிபலில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, அதே நீளத்துக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைவிட அது சிக்னலை நன்றாகவே கடத்தும். கூடம் முழுக்க வேண்டுமென்றால் வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி ரூட்டர், அல்லது பிராட்பேண்ட் இணைப்பு, அதன்மேல் வைஃபை அழைப்பு. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் அந்த வசதியைத் தொடங்கிவிட்டன. பட்டன் போன் வைத்திருக்கும் வயதானவர்களுக்கு இது உதவாது என்ற குறை உண்மைதான். அவர்களுக்கு நிறுவனமே ரிப்பீட்டர் பொருத்தித் தரும்படி கேட்கலாம், சட்டப்படி அதைச் செய்யக்கூடியது நிறுவனம்தான். ரிப்பீட்டரையே கையால் செய்து பார்க்கும் ஆசை தணியாதவர்கள் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம். அந்த உரிமத்தோடு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் சொந்தமாகச் செய்த டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம். கெட்டுப்போனால் எதிர்முனையில் இருப்பவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

வெளியிலும் எடுக்காத இடத்தில் இருப்பவர்கள், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எங்கெங்கே சேவை உண்டு என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் விதித்திருக்கிறது, புகாரோடு அதையும் இணையுங்கள். ஏற்கனவே பூஸ்டர் வாங்கி மாட்டியிருப்பவர்கள் நடுவிலுள்ள பெட்டியைக் கழற்றிவிடுங்கள். கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவும் கேபிளும் வீணாகாது. அலைவரிசை பொருந்தினால் ரூட்டருக்கு அவையே போதும்.